கடைசி ஜேர்மன்காரனின் ஞாயிற்றுக்கிழமைகள்

மச்சான்,

பக்கத்து வீட்டு வாசலில் கல் வெட்டும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை யன்னலை இறுக்கிச் சாத்தியும் அது பல்லுக்குள் இறங்குகிறது. கல் சூடேறிக் கருகும் மணம் உனக்கு ஞாபகம் இருக்கும். அது மூக்கில் ஏறியதும் என் நாக்கு தானாகவே மேல்வரிசைப் பல்லின் இடைவெளிக்குப் போகிறது. நீ உடைத்த பல். பல் டொக்டர் பொய்ப்பல் வைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். நான் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

கல் வெட்டுகிறவன் வேறு யாருமில்லை, குகன். என் மகன், உன் மருமகன். காதுக்கு மூடி, மூக்குக்கு மூடி, முதுகு முழுக்கக் கற்தூள். அவனுடைய நாலு வயது மகள் எங்கள் யன்னலோரம் கதிரையில் ஏறி நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தகப்பனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னை எரித்த பிறகு இரண்டு கோடை போய்விட்டது. செத்தவனுக்கு மடல் எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் இந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கியாக வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களில் ஒருவனும் உன்னைப் போலத் திருப்பி அடிப்பதில்லை.

ஜேர்மனியில் ஓர் உருக்குத் தொழிற்சாலை நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, பென்சனையும் எடுத்துக்கொண்டு, கடைசிக் காலத்தைத் தங்கச்சியோடு கழிக்கிறேன் என்று கனடாவுக்கு, மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழிருந்த பேஸ்மென்றுக்கு வந்து சேர்ந்தாய். உன் தங்கச்சியைக் கட்டிய பாவத்துக்கு நான் விமான நிலையத்துக்கு வந்தேன். ஒரு பெட்டி நிறைய அரைக்காற்சட்டையும் காலுறையும். அது போதாதென்று துணி போட்ட சாய்வுக் கதிரை ஒன்றையும் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"இதென்ன மச்சான், கனடாவிலை கதிரை இல்லையே?" என்று கேட்டேன்.

"கதிரை இருக்கும். அதிலை இருக்கத் தெரிஞ்ச சனம் இல்லையெண்டு கேள்விப்பட்டன்."

எனக்கு அப்போதே கை துருதுருத்தது.

வாசலுக்குக் கல் பதிக்கிற தொழிலை இந்த நாட்டில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. போத்துக்கேயர் வேலை செய்த வாசல்களின் ஓரத்தில் நின்று பார்த்தேன். துரத்தினார்கள். அடுத்த தெருவில் போய் நின்று பார்த்தேன். பிறகு என் சொந்த வாசலைக் கிண்டிப் பதித்தேன். பிழையாகப் போனது. மறுபடி கிண்டினேன். அப்படிப் படித்த தொழில். பனி உருகினால் தொடங்கும், மண் இறுகினால் முடியும். அதற்குள் ஒரு வருடத்துச் சோற்றைத் தேட வேண்டும். அதில் சனி எது, ஞாயிறு எது? மற்ற நாட்களில் ஊரார் வாசலில் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் என் முற்றத்தில் வைத்து அடுத்த கிழமைக்கான கற்களை வெட்டி அடுக்குவேன். குகன் படிப்பு முடிந்த கையோடு என்னோடு சேர்ந்தான். அவனுக்கென்றே லொறியின் கதவில் என் பெயரோடு அவன் பெயரையும் சேர்த்து எழுதி வைத்திருந்தேன்.

நீ வந்த முதல் ஞாயிறு. கல் வெட்டுகிற மெஷினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பேஸ்மென்ற் கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு, குளியல் அங்கியோடும் காலுறையோடும் வெளியே வந்தாய்.

"றூஹே!"

ஜேர்மன் மொழியில் அமைதி என்று அர்த்தமாம். அமைதி என்று நீ கத்திய கத்தலில் தெருக்கோடி வரை நாய்கள் எழும்பிக் குரைத்தன.

"என்ன, விசரே உனக்கு?" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமையடா! ஞாயிற்றுக்கிழமை! நான் இருந்த இடத்திலை நாய்கூட இண்டைக்குக் குரைக்காது!"

"நீ கத்தித்தானே உதுகள் குரைக்குதுகள்?"

நீ பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயை எடுத்தாய். தண்ணீரும் கற்தூளும் சேறாகி என் கண்ணை மூடிற்று. மெஷின் இருமி நின்றது. கண் தெரியாமலே கையை வீசினேன். உன் காதில் பட்டது. நீ வீசியது என் உதட்டில் பட்டது. அறுபதைத் தாண்டிய இரண்டு பேர், ஒருவன் சேறும் சகதியும், மற்றவன் அங்கி அவிழ்ந்து வெறும் தொடையும், புல்லில் உருண்டோம். உன் தங்கச்சி ஓடிவந்து அதே குழாயால் இரண்டு பேருக்கும் அடித்தாள்.

"சீ! சண்டை பிடிக்கிற வயதே இது? சனம் பாக்குது!"

சனம் பார்த்தது. குகன் வாசற்படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றைக்குச் சிரித்தவன்தான் இன்றைக்கு அதே மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் விடவில்லை. நீயும் விடவில்லை. அடுத்த ஞாயிறு பெற்றோல் கானைக் காணவில்லை. அதற்கடுத்த ஞாயிறு உன் சாய்வுக் கதிரைத் துணியைக் கத்தியால் குறுக்கே கிழித்து வைத்தேன். நீ ஊசியும் நூலும் கேட்டு வாங்கித் தைத்து, அதே இடத்தில், நான் கல் வெட்டுகிற இடத்துக்கு நேர் முன்னால், போட்டுக்கொண்டு சாய்ந்தாய். அங்கிருந்து எனக்குப் பிரசங்கம்.

"மச்சான், நான் போன காலத்திலை அவங்களும் உன்னைப் போலைதான். எங்கடை மைஸ்ரர் இருந்தான்."

மைஸ்ரர் என்றால் உன் பகுதி மேற்பார்வையாளர். உலையடியில் இரண்டு விரல் போய், கட்டோடு அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்த மனிசன். வேலைக்குப் பிந்தி வருகிற பெடியளின் தலைக்கவசத்தில் இரும்புக் கம்பியால் தட்டுவான், உள்ளே காது கிண்ணென்று கூவும். சனிக்கிழமை காரைக் கழுவுவான். ஞாயிறு எல்லோரையும் மேசையில் இருத்திச் சாப்பிடுவான். சாப்பிடும்போது கதைத்த பிள்ளைக்கு அறை விழும். மனைவி வேலைக்குப் போனால் தனக்கு அவமானம் என்பான். வருடத்தில் ஒருமுறை கடற்கரை. ஒரே கடற்கரை, ஒரே வீடு, ஒரே யன்னல். அங்கேயும் விடிய எழும்பி உடுப்போடு உட்கார்ந்திருப்பானாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று. தொழிற்சாலையில் ஒருவன் பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டால், முலைப்பாலும் குடுக்கிறாயோ என்று பின்னால் நின்று கத்துவான்.

"பிறகு?" என்று கேட்பேன், கல்லை அளந்துகொண்டே.

"பிறகு மாறிட்டாங்கள். வேலை நேரத்தைக் குறை எண்டு கேட்டாங்கள், குறைச்சாங்கள். சம்பளத்தைக் கூட்டவோ லீவைக் கூட்டவோ எண்டு கேட்டால் இளசுகள் லீவு எண்டுதுகள். பெண்டுகள் வேலைக்குப் போகினம், ஆம்பிளையள் வீட்டிலை நிண்டு பிள்ளை பாக்கினம். தாய்லாந்துக்குப் போறாங்கள், இலங்கைக்குப் போய் எங்கடை கடலிலை குளிக்கிறாங்கள். நாங்கள் நாலு மணிக்குக் கையைத் துடைச்சுப்போட்டு வெளிக்கிட்டால், தொழிற்சாலை பத்தி எரிஞ்சாலும் போனை எடுக்கமாட்டம்."

"சோம்பேறியள்."

"அவங்கள் சோம்பேறியள் எண்டால் நீ என்னடா? அடிமை. உன்னை ஒருத்தன் கட்டி வைச்சு அடிச்சால் அது அவன்ரை பிழை. நீ உன்னையே கட்டி வைச்சு அடிக்கிறாய்."

நாங்கள் என்று சொன்னாய், மச்சான். நாங்கள் நாலு மணிக்குக் கையைத் துடைப்பம் என்று. அந்தச் சொல்லை நான் நம்பினேன். ஐரோப்பா உன்னைக் கெடுத்துவிட்டது, வெள்ளைக்காரனோடு சேர்ந்து முப்பது வருடம் காலை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டு வந்து, என் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறாய் என்று நம்பினேன். குகனும் நம்பினான். கல்லைத் தூக்குகிறவன் இடைக்கிடை நிமிர்ந்து உன்னைப் பார்ப்பான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுவருடம் வசந்தத்தில் குகனுக்கு மகள் பிறந்தாள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அவனை வேலைக்குக் கூப்பிட்டேன். வந்தான். கண் சிவந்து, கல்லைக் கோணலாக வைத்தான். நான் உதைத்துக் கிளப்பினேன், திருப்பி வைத்தான். அந்தக் கோடையில்தான் உன் ஜேர்மன்காரன் வந்தான்.

யான். மைஸ்ரரின் மகன். உன்னோடு அதே உலையடியில் வேலை செய்தவன். உள்ளேயே படுத்துச் சமைக்கிற ஒரு பெரிய வீட்டு வாகனத்தை வாடகைக்கு எடுத்துக் கொண்டுவந்து எங்கள் வாசலை அடைத்து நிறுத்திவிட்டு இறங்கினான். நெஞ்சில் துணியால் கட்டிய கைக்குழந்தை. பின்னால் மனைவி, கையில் சட்டியில் வைத்த பூமரம். இரண்டு பேருக்கும் பிள்ளை பிறந்ததற்கு லீவாம். அந்த லீவில் கனடாவைக் குறுக்கே ஓடிப் பார்க்கப் போகிறார்களாம். கைக்குழந்தையோடு!

பின்வளவில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினோம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளி வந்ததால் மெஷினைக் கிளப்பவில்லை, அந்த எரிச்சல் வேறு. குகன் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யானுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"வேலையில் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று குகன் கேட்டான்.

"சொன்னார்கள். ஏன் இவ்வளவு குறைவாக எடுக்கிறாய் என்று."

"உன்னுடைய அப்பா?" இது நான்.

யான் புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தழும்பைத் தொட்டுக் காட்டினான். "மூத்த பிள்ளைக்கு லீவு எடுக்கப் போகிறேன் என்று உலையடியில் வைத்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தில் எறிந்தார். பதினோரு தையல்."

"நல்ல தகப்பன்," என்றேன் தமிழில். உன் தங்கச்சி என் காலை மிதித்தாள்.

"இப்போது பாருங்கள்," என்று போனை நீட்டினான். படத்தில் ஒரு கிழவர். தலையில் ஓலைத்தொப்பி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு முழங்காலளவு கடலில் நிற்கிறார். தோளில் பேரன், யானின் மூத்த பிள்ளை. இரண்டு விரல் இல்லாத கையில் ஐஸ்கிறீம் உருகி ஒழுகுகிறது. சனிக்கிழமைகளில் கழுவிய காரை விற்றுவிட்டு வீட்டு வாகனம் ஒன்றை வாங்கி, மனைவியோடு தெற்கே கடலோரம் கடலோரமாகத் திரிகிறாராம். பேரப்பிள்ளைகளின் வண்டிலைத் தள்ள அவருக்கும் மனைவிக்கும் சண்டையாம்.

பிறகு யான் எழும்பி, போத்தலை உன் பக்கம் உயர்த்தினான். "எல்லாம் இவரால்தான். உலையை ஞாயிற்றுக்கிழமை என்று அணைக்க முடியாது, இரும்பு உறைந்துவிடும். யாராவது நிற்க வேண்டும். எங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று நாங்கள் விட்ட ஞாயிறுகள் எல்லாவற்றையும் இவர்தான் வாங்கினார். என் அப்பாவின் ஞாயிறுகள், பிறகு என் ஞாயிறுகள். நத்தார்ப் பண்டிகையிலும் இவர்தான். தொழிற்சாலையில் இவருக்கு ஒரு பட்டம் இருந்தது. கடைசி ஜேர்மன்காரன்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் இருக்க முடியவில்லை.

"கேட்டியளே? கேட்டியளே எல்லாரும்?" என்று கைதட்டினேன். "நாலு மணிக்குக் கை துடைக்கிற துரை! ஞாயிற்றுக்கிழமை நாய் குரைக்காத ஊரிலை இவர்தான் நாய்க்கும் சேத்து வேலை செய்தவராம்! எனக்கு அடிமை எண்டவன். எனக்கு!"

"மச்சான், வாயைப் பொத்து."

"ஏன் பொத்தவேணும்? ஒரு வருசமா என்ரை முத்தத்திலை கிடந்து என்னைக் கழுவி ஊத்தினனீ."

நீ எழும்பிப் போய் யானின் கையில் இருந்த போனை வாங்கினாய். அந்தக் கிழவரின் படத்தைப் பார்த்தாய். பிறகு அந்தப் போனை ஓங்கி, நான் வெட்டி அடுக்கியிருந்த கற்களில் எறிந்தாய். கண்ணாடி சிதறி இறைச்சித் தட்டில் விழுந்தது. யானின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

"இந்த மனிசன் எனக்குச் சொன்னவன்," என்று தமிழில் கத்தினாய், யாருக்கென்று தெரியாமல். "லீவு எடுக்கிறவன் ஆம்பிளை இல்லை எண்டு சொன்னவன். நான் நம்பினன். சொன்னவன் மறந்துபோனான். நான் மறக்கேல்லை. தான் மாறிட்டன் எண்டு என்னட்டை வந்து ஒரு வார்த்தை சொன்னவனே?"

அந்த நேரம் பார்த்துக் குகன் வாயைத் திறந்தான்.

"அப்பா, நான் இந்த சம்மர் வேலைக்கு வரேல்லை. லீவு எடுக்கிறன். பேபியோட நிக்கப் போறன்."

சீசனின் நடுவில். வேலை ஏற்ற வாசல்கள் எல்லாம் கிண்டிக் கிடக்க. நான் கற்களின் மேல் கிடந்த ரப்பர்ச் சுத்தியலை எடுத்தேன். அது கல்லைத் தட்டி இருத்துகிற சுத்தியல், தலை ஒரு தேங்காய் அளவு இருக்கும். எடுத்தது என்ன செய்ய என்று இன்றைக்கும் என்னிடம் ஒருவரும் கேட்க வேண்டாம். குகன் பிள்ளையை மருமகளிடம் கொடுத்துவிட்டு அசையாமல் நின்றான். அப்படி நின்ற விதம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. வீசினேன்.

நடுவில் நீ வந்தாய்.

உன் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். நீ ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, நெற்றியால் என் வாயில் குத்தினாய். பல் தெறித்தது. இரண்டு பேரும் இறைச்சித் தட்டோடு விழுந்தோம். என் மேல் கிடந்துகொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, என் முகத்துக்குள் சொன்னாய்:

"அடி. என்னை அடி. பெடியனை விடு. என்ரை பிள்ளை பிறந்த அண்டைக்கு நான் உலையடியிலை நிண்டனான். ஞாயிற்றுக்கிழமை. அவள் நடந்ததும் ஞாயிற்றுக்கிழமை, நான் உலையடி. தாயும் மகளும் வீட்டை விட்டுப் போனதும் ஞாயிற்றுக்கிழமை. வேலையாலை வந்து கதவைத் திறந்தால் வெறும் வீடு. நான் என்ன செய்தன் தெரியுமே? அடுத்த ஞாயிறும் வேலைக்குப் போனன்."

உன் இரத்தமா என் இரத்தமா என்று தெரியவில்லை, வாய்க்குள் உப்புக் கரித்தது.

ஆஸ்பத்திரியில் உன் தங்கச்சி இரண்டு பேரும் படியில் விழுந்துவிட்டார்கள் என்றாள். தாதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே படியிலா என்று கேட்டாள். அவசரப் பகுதியில் கூப்பிடுகிறார்களே இல்லை. ஒருவன் வாயில் துணி, மற்றவன் கழுத்தில் கட்டு. பக்கத்துப் பக்கத்துக் கதிரை. பிறகு நீ என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்:

"எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறம், பாத்தியே மச்சான்? உதுதான் லீவு."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கடிக்கப் பல் இல்லை. சிரித்துவிட்டேன். அது வலியில் வந்த சிரிப்பு, உன்னை மன்னித்த சிரிப்பு இல்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

குகன் சொன்னபடி செய்தான். அந்தக் கோடை முழுதும் வீட்டில் நின்றான். நான் தெரியாத ஆட்களைப் பிடித்து, அவர்களோடு கத்தி, முதுகு ஒடிந்து வாசல்களை முடித்தேன். முதல் பனி விழும்வரை அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மாலையில் லொறியை நிறுத்திவிட்டு வந்தால், நீ தைத்த கதிரையில் கை கட்டோடு சாய்ந்திருப்பாய். உன் நல்ல கைக்குள் அவனுடைய பிள்ளை கிடக்கும். உன் மகளை நீ அப்படித் தூக்கியிருக்க மாட்டாய் என்று நினைப்பேன். நினைத்ததை ஒருநாள் உன்னிடம் சொல்லியும் விட்டேன். நீ அடிக்கவில்லை. அதுதான் முதல் முறை நீ அடிக்காமல் விட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு நீ செத்தாய். வேலை நாளில், கல் இறங்குகிற நாளில். காலையில் பேஸ்மென்றில் இருந்து சத்தம் வரவில்லை. கல் லொறிக்காரன் வாசலில் நின்று கோர்ன் அடித்துக்கொண்டிருக்க, நான் படியில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், எழும்படா என்று.

உன் மகள் ஜேர்மனியில் இருந்து வந்தாள். உயரம், உன் நெற்றி. பெட்டியில் கிடந்த உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, அந்த நாட்டுத் தமிழில், சொல் சொல்லாகத் தேடிக் கேட்டாள்.

"மாமா, அப்பாவை எனக்கு வடிவாத் தெரியாது. அவர் எப்பிடிப்பட்டவர்?"

"அடிக்கிறவர்," என்றேன். "சரியான இடத்திலை வந்து நிண்டு அடிக்கிறவர்."

அவள் என் வாயைப் பார்த்தாள். அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு அழுதாள். அதுவரை அழவில்லை.

யான் போன மாதம் போன் எடுத்தான். அங்கேயும் இப்போது காற்று மாறுகிறதாம். சனம் வேலை செய்வது போதாது, இன்னும் செய்ய வேண்டும் என்று ஆட்சியில் இருக்கிற பெரியவர்கள் தொலைக்காட்சியில் வந்து சொல்கிறார்களாம். மைஸ்ரர் அதைப் பார்த்துவிட்டு, நான் என் ஞாயிறுகளை எல்லாம் கொடுத்தவன் என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாராம். யான் சொன்னானாம், இல்லை அப்பா, நீங்கள் கொடுத்தது உங்கள் ஞாயிறுகளை இல்லை என்று. கிழவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழும்பிப் போனாராம். போகட்டும்.

குகன் பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கினான். இப்போது தொழில் முழுக்க அவன் கையில். அந்தக் கோடையில் வேலைக்கு வராமல் நின்றதை ஈடுகட்டுகிறானோ, வீட்டுக் கடனுக்காகவோ, எனக்குத் தெரியாது. ஞாயிறும் வேலை செய்யத் தொடங்கினான். காலையில் மகளைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போவான். இருட்டக் கொஞ்சம் முன்பு வந்து, நித்திரையாகிவிட்ட பிள்ளையைத் தூக்கிப் போவான். நான் கேட்டது இதுதான். சுத்தியல் தூக்கிக் கேட்டது இதுதான். உன் தங்கச்சி நேற்றுக்கூடச் சொன்னாள்:

"என்னப்பா, நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுது. பிறகேன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறியள்?"

நீ எனக்குச் செய்த அநியாயம் அதுதான், மச்சான். என் மகன் கடைசியில் என் பக்கம் வந்தான், அதை அனுபவிக்க நீ என்னை விடவில்லை. மெஷின் சத்தம் கேட்டால் ஒரு காலத்தில் எனக்குப் பசி எடுக்கும். இப்போது உன் வெறும் வீட்டின் கதவு திறக்கிற மாதிரிக் கேட்கிறது. அந்த வீட்டை நான் கண்டதுகூட இல்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழும்பிப் போனேன். திரும்பி வந்து மிச்சத்தை எழுதுகிறேன். தாள் நனைகிறது, பொறுத்துக்கொள்.

நான் போனபோது குகன் குனிந்து நின்றான். எங்கள் வேலிப் பக்கக் குழாயை இழுத்துக்கொண்டு போய், முழுக்கத் திறந்து, மெஷினிலும் அவன் தலையிலும் அடித்தேன். மெஷின் இருமி நின்றது. அவன் திரும்பினான். முகம் முழுக்கச் சேறு, கண் மட்டும் வெள்ளை.

"அப்பா! விசரே உங்களுக்கு?"

"றூஹே!" என்று கத்தினேன். உன் அளவுக்கு வரவில்லை. நாய்கள் எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் யன்னலைத் திறந்து பார்த்தார்.

குகன் மெஷினை எறிந்துவிட்டு வந்தான். என் சட்டையைப் பிடித்தான். கையை ஓங்கினான். நான் விலகவில்லை. ஒரு நொடி, நடுவில் யாராவது வந்து நிற்பார்கள் என்று பக்கத்தில் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"அடி," என்றேன். "ஒண்டு ஏற்கெனவே இல்லை. மற்றதையும் உடை."

அவன் கண் என் வாய்க்குப் போனது. ஓங்கிய கையை அடுக்கியிருந்த கல்லில் குத்தினான். தோல் உரிந்து இரத்தம் வந்தது. "மாமா செத்தும் போகேல்லை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மெஷினை லொறியில் தூக்கிப் போட்டான். எங்கள் வீட்டுக்குள் சேற்றுக் காலோடு நடந்து, பிள்ளையைத் தூக்கி ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"இனி உங்கடை வாசலுக்கு வரமாட்டன்."

"வராதை."

பிள்ளை அவன் கன்னத்துச் சேற்றை விரலால் தொட்டுத் தன் மூக்கில் பூசிக்கொண்டு போனாள். அவளுக்கு நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை, அப்பா வந்துவிட்டார், அவ்வளவுதான் விளங்கியது. லொறி அஜக்ஸ் பக்கம் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ சொன்னது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. உன்னைப் போலப் பொய் சொல்லி ஒருவனுக்கு ஓய்வைப் படிப்பிக்கவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது குழாயைத் திறக்க மட்டும்தான்.

பக்கத்து வீட்டு வாசல் பாதியில் கிண்டிக் கிடக்கிறது. வேலையைப் பாதியில் விடுகிறவனாக நான் அவனை வளர்க்கவில்லை. முடிக்க வருவான். வேறு நாளில் வந்தால் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால், குழாயை நான் இன்னும் சுருட்டி வைக்கவில்லை.